வீட்டை விற்று மோட்டார் ஹோம் வாங்கலாமா? சாட்ஸ்வொர்த் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

ஒன்பது பக்கக் கடிதம், கையால் எழுதியது. எழுத்தைப் பார்த்ததுமே வாத்தியார் என்று தெரிந்துவிட்டது. பெயர், தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 64 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 35 வருடம் ஆசிரியர், இப்போது அரசு ஓய்வூதியம். மனைவிக்கு 61. 1986-ல் கோயிலில் தாலி கட்டி, முறைப்படி பதிவும் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. மகன் மிட்ராண்டில், மகள் பெர்த்தில். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மூன்று படுக்கையறை வீடு, பின்பக்கம் இரண்டு அறை அவுட்பில்டிங், இப்போது காலி. மேகசின் பாரக்ஸில் (நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு) இருந்த குடும்பத்தை 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். நகரசபைக்குத் தவணை கட்டி அப்பா வாங்கிய வீடு அது, உயில் மூலம் இவருக்கு வந்தது.

இப்போது இந்த வீட்டை 14 லட்சம் ராண்டுக்கு விற்றுவிட்டு, பைன்டவுனில் ஒருவர் வைத்திருக்கும் 2013 மாடல் ஐவேகோ மோட்டார் ஹோமை (படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்பதரை லட்சத்துக்கு வாங்கி, நான்கைந்து வருடம் நாடு முழுக்கச் சுற்றவேண்டும் என்று ஆசை. விற்பவர் மாதக் கடைசிக்குள் 50,000 ராண்ட் முன்பணம் கேட்கிறார். "வீடு என் பெயரில் இருக்கிறது, அப்பா சொத்து, அதனால் சிக்கல் இல்லை. வரிதான் பயமாக இருக்கிறது. செலவைக் குறைக்க மெடிக்கல் எய்டை (மருத்துவக் காப்பீட்டை) நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை." அவருக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஓட்டுவது இசூசு டபுள் கேப் பக்கி, அதாவது பிக்கப் வண்டி.

கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் இன்னொன்று. அப்பா ஜோஹன்னஸ்பர்க் போகும்போதெல்லாம் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போடுவாராம், கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓட்டுவாராம், நடுவில் வரும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் முடிந்து வால் ஆற்றைத் தாண்டிய பிறகுதான் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவாராம். "ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு ராத்திரி, கோல்டன் கேட் மலையடியில், அவசரமில்லாமல் படுத்து எழவேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள அண்ணா,

ஏழாம் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இளையவர்கள் சிலருக்கு அது புரியாமல் போகலாம். ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர்கள் குடியிருக்கக்கூடாது என்று 1891-ல் போட்ட சட்டம் 1986 வரை இருந்தது. தங்குவதென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். கேரவன் (வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு) நிறுத்தும் பார்க், கடற்கரை, ஓய்விடம் எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்துவைத்த 1953-ஆம் வருடச் சட்டத்தை 1990-ல்தான் எடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா ரொட்டியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொள்வாள், வண்டி நிற்காது. ஆகவே உங்கள் ஆசையை வயசான காலத்துக் கிறுக்கு என்று உங்கள் மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடிதத்திலேயே உறுதியான காரணம் அதுதான்.

ஆனால் கோல்டன் கேட்டில் ஒரு ராத்திரி படுக்க வீட்டை விற்கவேண்டியதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக அதுதான். மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

வீடு யாருடையது

"என் பெயரில் இருக்கிறது, அப்பா சொத்து" என்கிறீர்கள். பத்திரத்தில் யார் பெயர் என்பது வேறு, விற்கும் உரிமை யாருக்கு என்பது வேறு. முன்ஒப்பந்தம் இல்லாமல் 1986-ல் பதிவான கல்யாணம் கூட்டுச் சொத்து முறையில் வரும். வரவும் பொது, கடனும் பொது. நீங்கள் அப்பாவிடமிருந்து பெற்றதும் அந்தப் பொதுவில்தான் விழும், அப்பாவின் உயிலில் "இது என் மகனுக்கு மட்டும், அவன் மனைவியின் கூட்டுச் சொத்தில் சேராது" என்று தெளிவாக எழுதியிருந்தாலொழிய. அந்த உயிலின் நகலை எடுத்துப் படியுங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றால் வீட்டில் பாதி அண்ணியுடையது. 1984-ஆம் வருடத் திருமணச் சொத்துச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் நீங்கள் வீட்டை விற்க முடியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே எங்களைப் போன்ற பத்திர வழக்கறிஞர்கள் அந்தக் கையெழுத்தைக் கேட்போம்.

சரி, சட்டம் கேட்பது கையெழுத்து மட்டும்தான். என் மேசைக்கு முன்னால் எத்தனையோ மனைவிமார் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதத்தை நகர்த்திவைத்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். "ஒன்றும் சொல்லவில்லை" என்பதை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே வேறு இரண்டு செய்திகள் இருக்கின்றன: அவர் புரட்டாசி மாதம் முழுக்கக் கோயில் சமையலறையில் நிற்பார், ஆடியில் கூழ் ஊற்றும்போது பெரிய தவலைகள் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அந்தத் தவலைகளை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தீர்களா? அவருக்குப் போக இஷ்டமில்லை என்று நான் சொல்லவில்லை. வருடத்தில் எட்டு மாதம் போகலாம், ஆடிக்கும் புரட்டாசிக்கும் வீட்டுக்கு வரவேண்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ. அதைக் கேட்டு வாங்கவேண்டியது நீங்கள்தான், வழக்கறிஞர் இல்லை.

விற்பதா, வாடகைக்கு விடுவதா

முதலில் உங்கள் பயத்தைப் போக்குகிறேன். வரி பெரிய பிரச்சினை இல்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டை விற்று வரும் லாபத்தில் குறைந்தது முதல் 20 லட்சம் ராண்டுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. விலையே 14 லட்சம் என்றால் லாபம் அதற்குள்தான் அடங்கும். சொத்து மாற்றத் தீர்வை வாங்குபவர் கட்டுவது.

கையைக் கடிப்பது வேறு. ஏஜென்ட் கமிஷன் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 84,000. அதன்மேல் வாட் 15 சதவீதம் சேர்த்து 96,600. (கமிஷனுக்குச் சட்டத்தில் நிர்ணயம் ஒன்றும் இல்லை, பேரம் பேசுங்கள்.) மின்சாரச் சான்றிதழ், கரையோர டர்பனில் வழக்கமாகக் கேட்கும் வண்டுச் சான்றிதழ் (மரத்தில் வண்டு அரிப்பு இல்லை என்பதற்கு), கேஸ் இணைப்பு இருந்தால் அதற்கொன்று. மாநகராட்சிப் பாக்கியைத் தீர்த்து, சில மாத வரியை முன்கூட்டியே கட்டினால்தான் கிளியரன்ஸ் வரும். அப்புறம் சாட்ஸ்வொர்த்துக்கே உரிய கேள்வி: அந்த அவுட்பில்டிங்குக்கு பிளான் பாஸ் ஆகியிருக்கிறதா? அப்பா காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமன் மச்சான் சேர்ந்து கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்குபவரின் வங்கி அங்கீகரித்த வரைபடம் கேட்டால் வியாபாரம் மாதக்கணக்கில் நிற்கும். குறை தெரிந்தும் மறைக்க முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து ஏஜென்ட் மூலம் விற்கும் வீட்டுக்கு விற்பவர் கையெழுத்திட்ட குறைபாட்டு அறிக்கை கட்டாயம்.

எல்லாம் போக ஏறக்குறைய 13 லட்சம் கையில் நிற்கும். வண்டிக்கு ஒன்பதரை. மீதி மூன்றரை லட்சம். நான்கைந்து வருடம் கழித்து 69 வயதில் திரும்பி வரும்போது உங்களிடம் பதினேழு வருடப் பழைய வண்டி ஒன்று இருக்கும், வீடு இருக்காது. வண்டியின் விலை வருடாவருடம் இறங்கும். "சொத்தைப் பணமாக்கி வாழ்க்கையை அனுபவிக்கிறேன்" என்றீர்கள். எனக்கென்னவோ ஏறக்கூடிய சொத்தைக் கொடுத்து இறங்கும் சொத்தை வாங்குவதாகத்தான் படுகிறது.

அதற்கு நடுவில் ஒரு வழி உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பெரிய வீட்டை வாடகைக்கு விடுங்கள், அவுட்பில்டிங்கை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறையில் காமாட்சி விளக்கு, அம்மாவின் தையல் மிஷின், தவலைகள், புத்தகங்கள். இன்னொன்றில் கட்டில். ஆடிக்கு வந்தால் இறங்க இடம். பூட்டிப் போட்டு மூன்று மாதம் போகலாம், முட்டி வலித்தால் மூன்று வாரத்தில் திரும்பலாம்.

வாடகைக்கு விடுவதில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். "கொடுக்காவிட்டால் பூட்டை மாற்றிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1998-ஆம் வருடச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டுவதும் குற்றம். வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை வாடகை வராது. எனவே எழுத்தில் ஒப்பந்தம். முன்தொகையை வட்டி வரும் கணக்கில் தனியாகப் போடுவது (வாடகை வீட்டுச் சட்டம் அதைக் கேட்கிறது). உள்ளே வரும்போதும் போகும்போதும் இரு தரப்பும் சேர்ந்து சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்வது. மூன்று மாத வாடகைக்குச் சமமான தொகையைக் கையில் வைத்திருப்பது. தண்ணீர், மின்சாரத்துக்கு அவுட்பில்டிங்கில் தனி மீட்டர் இல்லையென்றால் அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள், பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கும். வாடகை வருமானத்துக்கு வரி உண்டு; மாநகராட்சி வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். வெகுகாலம் வாடகைக்கு விட்டுப் பிறகு விற்றால் முன்னே சொன்ன வரிவிலக்கில் ஒரு பங்கு குறையக்கூடும். உங்கள் விலைமட்டத்தில் அது பெரிய அடியாக இருக்காது, ஆனாலும் கணக்காளரிடம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சொந்தக்காரர் யாரையும் குடிவைக்காதீர்கள். இது சட்டம் இல்லை, முப்பது வருட அனுபவம்.

அந்த ஐவேகோ

நீங்கள் அனுப்பிய படத்தில் முன்கண்ணாடியில் ஒட்டிய வண்டி உரிம டிஸ்க் தெரிந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். ஜி.வி.எம். 5,200. அதாவது வண்டியும் சாமானும் ஆட்களும் சேர்த்து அனுமதித்த முழு எடை 5,200 கிலோ. சாதாரண கார் உரிமத்தில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் 16,000 வரை சி1 வேண்டும், நம் ஜனங்கள் கோட் 10 என்று சொல்வது. அதற்குக் கனரக வாகன லேர்னர்ஸ் எழுதி, லாரியில் கே53 என்ற ஓட்டுநர் தேர்வு கொடுக்கவேண்டும். "என் உரிமம் எல்லாவற்றுக்கும் செல்லும்" என்ற உங்கள் நம்பிக்கை தவறு. உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும், அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

நீங்கள் 64 வயதில் கோட் 10 எடுக்க முடியாதா? எடுக்கலாம். ஆனால் அண்ணி? இன்சுலின் போடுகிறவர் நீங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு இருந்தால் உரிமம் வைத்திருக்கத் தகுதியில்லை என்று சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. கட்டுப்பாட்டில் இருந்தாலும் ஒரு நாள் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால், கிராஃப்-ரெய்னெட்டுக்கும் பியூஃபோர்ட் வெஸ்டுக்கும் நடுவில் கரூ என்ற வறண்ட வெளியில் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? இரண்டு பேரும் ஓட்ட முடியாத வண்டியை வாங்காதீர்கள். ஆறு பேர் படுக்கும் வண்டி எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. பேரப்பிள்ளைகள் வருடத்தில் பத்து நாள் வருவார்கள். மீதி 355 நாளும் அந்த ஆறு கட்டிலுக்கு நீங்கள் டீசல் ஊற்றவேண்டும்.

விற்பவர் தனி ஆள், கடை இல்லை. கடையில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பெரிய குறை தெரிந்தால் திருப்பித் தரவோ சரிசெய்யச் சொல்லவோ உரிமை உண்டு. தனி ஆளிடம் வாங்கும்போது அது கிடையாது. "ஃபூட்ஸ்டூட்ஸ்", இருப்பது இருந்தபடி என்று எழுதிக்கொடுத்துவிடுவார். குறை தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது. நிரூபிப்பது உங்கள் தலைவலி. அதனால் அந்த 50,000-ஐ இப்போது கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உரிமையாளர் ஒருவர், டைட்டில் ஹோல்டர் ஒருவர் என்று இரண்டு வரி இருக்கும். இரண்டாவதில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீரவில்லை என்று அர்த்தம். முன்பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் போடுங்கள்.

மெக்கானிக் எஞ்சினைப் பார்ப்பார். மோட்டார் ஹோமில் பணத்தைத் தின்பது எஞ்சினைவிட மேல்கூடுதான். நாங்கள் பதினோரு வருடம் பழைய ஜிப்ஸி கேரவன் ஒன்று வைத்திருந்தோம், கூரை மூலையில் விரல்நகம் அளவு விரிசல். அது சுவரின் உள்மரத்தை முழுக்க ஊறவைத்துவிட்டது. ஆகவே கூரை மூலைகளையும் ஜன்னல் ஓரத்தையும் விரலால் அழுத்துங்கள், மெத்துமெத்தென்று இருந்தால் வந்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடிய வண்டியில் டயர் பட்டன் நன்றாகவே தெரியும், ரப்பர் செத்துப்போயிருக்கும். டர்பன் கடற்காற்றில் வெளியே நின்ற வண்டி என்றால் அடியில் படுத்துத் துருவைப் பாருங்கள்.

பக்கியும் கேரவனும்

நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். வாசலில் இசூசு நிற்கிறது. 1998-க்கு முன் கார் உரிமம் எடுத்தவர்களுக்கு அட்டை மாறியபோது பெரும்பாலும் இ.பி. என்று வந்திருக்கும், 750 கிலோவுக்கு மேல் உள்ள டிரெய்லரையும் இழுக்கலாம். உங்கள் அட்டையையும் அண்ணியின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். இ.பி. இருந்தால் கேரவன் இழுக்கப் புதிய தேர்வு வேண்டாம். வழக்கமான ஓவர்ரன் பிரேக் (இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் தானே பிடிக்கும் பிரேக்) உள்ள கேரவனின் ஜி.வி.எம். பக்கியின் டேர் எடையை, அதாவது வெறும் வண்டியின் எடையை, மீறக்கூடாது. டிஸ்க்கில் இரண்டு எண்ணும் இருக்கும்.

மோட்டார் ஹோமில் ஒரு தொல்லை. பால் வாங்கப் போனாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். தட்டு, டம்ளர், சாமி படம் எல்லாவற்றையும் கட்டிவைத்து, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, பார்க்கின் மின்சாரத்துக்கான நீல பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி. கேரவன் என்றால் பார்க்கில் விட்டுவிட்டு பக்கியில் டாக்டரிடம் போய் வரலாம். இன்னொன்று, எஞ்சின் பழுதாகி வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் உங்கள் வீடும் ஒர்க்‌ஷாப்புக்குள் போய்விடும். எத்தனை நாள் லாட்ஜ் வாடகை? மோட்டார் ஹோமுக்கும் நல்ல பக்கம் உண்டு: பின்னோக்கி ஓட்டும்போது டிரெய்லர் வளையாது, மழையில் இறங்காமல் படுக்கைக்குப் போகலாம், தினம் இடம் மாறுகிறவர்களுக்குச் சுலபம். நீங்கள் எழுதியிருப்பதோ ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று வாரம் தங்குவது பற்றி. கடைசியில் மோட்டார் ஹோம்தான் என்று முடிவானாலும் 3,500 கிலோவுக்குள் இருக்கும் வேன் வகையைப் பாருங்கள். அதில் எடை சீக்கிரம் தீர்ந்துவிடும், நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. ஏற்றியதும் ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

காணொளிகளில் பார்த்ததுபோல் கடற்கரையில் வண்டியை நிறுத்திப் படுப்பது இங்கே நடக்காது. கடற்கரையில் வண்டி ஓட்ட 2002-லிருந்து தடை. நெடுஞ்சாலை ஓரத்தில் தூங்குவது எவ்வளவு ஆபத்து என்று டர்பன்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே தினமும் பார்க் கட்டணம் உண்டு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தேசியப் பூங்காக்களில் சீசன் இல்லாத நாட்களில் மூத்த குடிமக்களுக்குச் சலுகை கிடைக்கும், பள்ளி விடுமுறையில் கிடைக்காது. இருட்டியபின் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்கை வழியே போகும் என்2 நெடுஞ்சாலையில் மாடும் ஆடும் ரோட்டில்தான் படுத்திருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் "வருடத்தில் எட்டு மாதம் இதில்தான் குடியிருப்போம்" என்பதையும், ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள் என்பதையும், உங்கள் நீரிழிவையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விடுமுறைக்கு மட்டும் என்று சொல்லிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் விபத்துக்குப் பிறகு என்னிடம் வருகிறார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

மெடிக்கல் எய்டும் பவரும்

மெடிக்கல் எய்டை நிறுத்தாதீர்கள். 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்ந்தால் மூன்று மாதம் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை தனிக் காத்திருப்பும் போடலாம். இன்சுலின் எடுப்பவருக்கு அது பெரிய அடி. பணம் மிச்சமாகவேண்டும் என்றால் வருடக் கடைசியில் குறைந்த திட்டத்துக்கு மாறுங்கள். இரண்டாம் வகை நீரிழிவும் இரத்த அழுத்தமும் எந்தத் திட்டத்திலும் கட்டாயம் தரவேண்டிய பட்டியலில்தான் இருக்கின்றன. மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்ப வாங்க அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும், அதை வைத்தே பயணத்தைத் திட்டமிடுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். கேஸில் ஓடும் பழைய ஃபிரிட்ஜ் வண்டி சாய்ந்து நின்றாலும் கரூ வெயிலிலும் சரியாகக் குளிராது. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வாங்குங்கள், உள்ளே ஒரு வெப்பமானி.

மகனுக்குப் பவர் கொடுப்பது பற்றி. வாடகை வாங்க, மாநகராட்சியோடு பேச, அதுவரைக்கும் சரி. ஆனால் நீங்கள் நினைவிழந்து படுத்தாலும் அது செல்லும் என்று நினைக்கிறீர்கள். நம் நாட்டில் செல்லாது. கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்த அன்றே அந்தப் பவரும் முடிந்துவிடும். அதற்கப்புறம் நீதிமன்றம் மூலம் காப்பாளரை நியமிக்கவேண்டும். பவர் உங்களுடையது மட்டும் போதாது, அண்ணியும் தனியாகக் கொடுக்கவேண்டும். உயிலை இரண்டு பேரும் புதுப்பியுங்கள், ஒரே விபத்தில் இருவரும் போனால் என்ன என்பதையும் எழுதுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் உயிலில் பங்கு பெறுபவராக இருக்கக்கூடாது, ஆகவே மகனைச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

வீட்டை விற்றிருந்தால் முகவரிக்கும் அலையவேண்டியிருக்கும். வங்கி மூன்று மாதத்துக்குள் உள்ள முகவரிச் சான்று கேட்கும். உரிமத்துக்கும் வண்டிப் பதிவுக்கும் முகவரி மாறினால் 21 நாளுக்குள் சொல்லவேண்டும். அவுட்பில்டிங் அந்தக் கவலையையும் தீர்த்துவிடுகிறது.

சாமான்களைக் குறைப்பதற்கு வீட்டை விற்கும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஆரம்பியுங்கள். உங்கள் பள்ளிக்கூடப் புத்தகப் பெட்டிகள் முதலில். விளக்கையும் பாத்திரத்தையும் தொடாதீர்கள், அது அண்ணியின் இலாகா.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பைன்டவுன்காரருக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏப்ரலில் ஈஸ்டர் கூட்டம் போன பிறகு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து பக்கியில் மாட்டுவேன். என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் ஹாரிஸ்மித் வழியாகக் கோல்டன் கேட் ஒரு பகல் ஓட்டம். பூங்காவுக்குள் கிளென் ரீனன் முகாமில் கூடாரமும் கேரவனும் போட இடம் இருக்கிறது. ஜூலைக்குத் தள்ளாதீர்கள், அங்கே ராத்திரியில் தண்ணீர்க் குழாயே உறைந்துவிடும். ஏப்ரலிலும் கம்பளி இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி உங்கள் அப்பாவுக்காக. அதற்கடுத்த இடம் எது என்று அங்கே வைத்து அண்ணியிடம் கேளுங்கள். அவர் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆறு வாரம் சுற்றிவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள், வண்டியைப் பற்றிப் பேசுவோம். "வீடு" என்று சொன்னாலும் எழுதுங்கள்.